சரியாக வருகிறதா என்று எங்களிடம் கேளுங்கள்: உளவியல் சிகிச்சையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உளவியல் சிகிச்சையாளர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். நாம் சேர்ந்து செய்யும் இந்த வேலை எங்களுக்குச் சரியாக வருகிறதா, இல்லையா என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். முதல் சில செஷன்களுக்குள்ளேயே கேளுங்கள். நாங்களாகச் சொல்வோம் என்று காத்திருக்காதீர்கள்.

பொருத்தமான தெரபிஸ்ட்டைத் தேடிப் பிடிப்பது எங்கள் பொறுப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். படிப்பைப் பார், எந்த முறையில் பயிற்சி எடுத்தவர் என்று விசாரி, ஒத்துவராவிட்டால் மாறிவிடு. நல்ல யோசனைதான். ஆனால் உதவி தேடி வரும் நாளில் நாங்கள் எப்படி இருக்கிறோம்? பல நாள் தூக்கமில்லாமல், வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை முன்பின் தெரியாதவரிடம் சொல்லப் போகிறோமே என்ற பயத்தோடு வருகிறோம். அந்த நிலையில் எதிரில் இருப்பவரை எடைபோடத் தெம்பு இருக்காது. ஏதோ ஒட்டவில்லை என்று பட்டால், கோளாறு நம்மிடம்தான் என்றே முதலில் தோன்றும். அடுத்தவர் மனம் கோணாமல் நடந்தே பழகியவர்கள் உங்களிடமும் அப்படித்தான் நடப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். "இப்ப பரவாயில்லைங்க" என்பார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

இப்படி நின்றுவிடுபவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார். அவர்களை 'ஒத்துழைக்காதவர்' என்று குறித்துவைத்துக் கோப்பை மூடிவிடுவது எளிது. அதில் எத்தனை பேர் சொல்ல வாய் வராமல் போனவர்கள் என்பது அந்தக் கோப்பில் இருக்காது.

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்னதை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். சிகிச்சை உறவு என்பது மூன்று சேர்ந்தது: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மூன்றாவதை நீங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். கனிவாகப் பேசுகிறீர்கள், பொறுமையாகக் கேட்கிறீர்கள். பெரும்பாலும் அறுந்துபோவது இரண்டாவது இழை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மனதில் ஓடும் எண்ணங்களை அன்றன்றே எழுதிவரச் சொல்லி ஒரு தெரபிஸ்ட் தாள் கொடுத்தார். நிகழ்வு, எண்ணம், உணர்ச்சி என்று கட்டம் போட்ட தாள். எழுதாமல் போனேன். "ஏன் எழுதல?" என்றார். வேலை அதிகம் என்றேன். "சரி, அடுத்த வாரம் எழுதிட்டு வாங்க" என்று பேச்சை மாற்றினார். பிறகு வேறொருவரிடமும் அதே தாள், அதே வெறும் கட்டங்கள். அவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "இது எதுக்குன்னு நான் சரியா சொல்லலையோ? இல்ல, எழுத உட்கார்ந்தாலே கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். எழுதிய வரியைத் திரும்பப் படிக்கப் பயமாக இருக்கிறது என்ற உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. அதற்கு முன் அதை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. அந்த மணி நேரம் முழுவதும் அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேசினோம்.

உளவியலாளர்கள் ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோபர் முரானும் சிகிச்சை உறவில் விழும் விரிசலை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, நேராகக் கோபப்படுவது. இன்னொன்று, சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்வது. கோபம் உங்கள் கண்ணில் படும். ஒதுங்கல் மரியாதையைப் போலவே இருக்கும்.

அனுபவம் உள்ளவருக்குக் கேட்காமலே தெரியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உளவியல் ஆய்வாளர் மைக்கேல் லாம்பர்ட்டின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யார் யாருக்கு நிலைமை மோசமாகும் என்று அவர்களுடைய தெரபிஸ்ட்களையே கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சுட்டியது 3 பேரை. மோசமானது 40 பேருக்கு. உங்கள் திறமையைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நாங்கள் அவ்வளவு நன்றாக மறைக்கிறோம்.

பொருத்தம் என்றால் இதமாக இருப்பது மட்டும் என்றும் நான் சொல்லவில்லை. வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி என்ற நோய் உள்ளவருக்கு, பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைத்து, சடங்குபோலத் திரும்பத் திரும்பச் செய்வதை நிறுத்தப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. அது சுகமாக இருக்காது. அங்கே "ஒன்னும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஆறுதலே நோய்க்குத் தீனியாகிவிடும். ஒரு செஷன் வலித்தது என்பதாலேயே அந்த தெரபிஸ்ட் பொருந்தவில்லை என்று ஆகிவிடாது. "இன்னைக்கு வலிச்சது" என்று அடுத்த முறை உங்களிடமே சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன். சொல்ல முடிந்தால் தொடரலாம். (தெரபிஸ்ட் எல்லை மீறுவது, இரகசியத்தை வெளியே விடுவது இதில் சேராது. அங்கே ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.)

"எப்படிப் போகுது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா போகுது" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு நான் சொன்னதுல எது உங்களுக்கு ஒட்டல? நீங்க பேச நினைச்சு விட்டுப்போனது எது?" என்று குறிப்பாகக் கேளுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவரிடம் நாலு வரிக் கேள்வித்தாளைக் கொடுங்கள். சொன்ன பிறகு உங்கள் முகத்தைத்தான் பார்ப்போம். அந்த நொடியில் உங்கள் தரப்பு நியாயத்தை விளக்க ஆரம்பித்தீர்கள் என்றால், அடுத்த முறை நாங்கள் வாயே திறக்க மாட்டோம்.

கேட்டும் பேசியும் சரிவரவில்லை என்றாலோ, எங்கள் பிரச்சினை உங்கள் பயிற்சிக்கு வெளியே இருந்தாலோ, அதை நேராகச் சொல்லுங்கள். யாரிடம் போகலாம் என்று பெயர் சொல்லுங்கள். எங்கள் சம்மதத்தோடு, இதுவரை என்ன செய்தோம், எது உதவியது, எது உதவவில்லை என்று அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அது கையில் இருந்தால், நடந்த எல்லாவற்றையும் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியிருக்காது.

நன்றியுடன்,
உங்களிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவர்