வெட்டிய ரவிக்கைத் துணியும் திரும்பி வந்த சேலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையச் சந்தையில் கைபேசிக்குப் பணம் கட்டிவிட்டுச் சோப்புக்கட்டியைப் பெற்றவர்களின் வேதனை நாளிதழ்களில் செய்தியாகவும் வாசகர் கடிதமாகவும் அடிக்கடி வருகிறது, வரத்தான் வேண்டும். அதே அட்டைப்பெட்டி எதிர்த்திசையிலும் பயணம் செய்கிறது என்பதும், திரும்பி வரும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இடையில் எவரும் பார்ப்பதில்லை என்பதும் அவ்வளவாக எழுதப்படுவதில்லை. சிறு விற்பனையாளன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் மனைவியும் சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலிருந்து ஆறு ஆண்டுகளாகச் சேலைகளை இணையத்தில் விற்று வருகிறோம். எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தமும் சேலைக் கடைகளும் உள்ள ஊர். முன்பு வெளியூர் வியாபாரிகள் நேரில் வந்து கட்டுக் கட்டாக எடுத்துப் போவார்கள். இப்போது அவர்களோடு கூரியர் வண்டியும் வந்து நிற்கிறது. எங்களுக்குச் சொந்தத் தறி கிடையாது. தறிக்காரர்களிடம் ரொக்கம் கொடுத்துச் சாஃப்ட் சில்க் சேலைகளை வாங்கி, படமெடுத்து, ஓர் இணையச் சந்தையில் பதிவேற்றி, ஆர்டர் வந்தால் வீட்டு முன்னறையிலேயே பேக் செய்து அனுப்புகிறோம்.

கடந்த ஆவணி முகூர்த்த நாட்களையொட்டி 890 ரூபாய்ச் சேலை ஒன்று விற்றது. சேர்ந்து ஏழாம் நாள், ‘தரம் சரியில்லை’ என்ற காரணத்துடன் திரும்பி வந்தது. எங்கள் உறையிலேயே, எங்கள் மடிப்பை விடவும் நேர்த்தியாக மடிக்கப்பட்டிருந்தது. கையில் எடுத்ததுமே எடை குறைவாக இருப்பதாக என் மனைவி சொன்னார். விரித்து டேப்பால் அளந்தோம். ரவிக்கைத் துணியுடன் 6.3 மீட்டர் இருக்க வேண்டிய சேலை, சரியாக 5.5 மீட்டர் இருந்தது. முனையிலிருந்த 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. தோள் மடிப்பில் ஊக்குக் குத்திய இரண்டு துளைகள். மல்லிகை வாசனை இன்னும் போகவில்லை. தரம் சரியில்லாத சேலையிலிருந்து ரவிக்கை தைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தத் துணி எப்படிப் பிடித்துப்போயிற்று என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

டேப்போடு படமெடுத்து, இழப்பீடு கோரி மனுச் செய்தோம். இரண்டு நாளில் பதில் வந்தது: அளித்த சான்றுகள் போதுமானவை அல்ல. எந்தச் சான்று போதவில்லை, எது இருந்திருந்தால் போதும் என்ற விளக்கம் அதில் இல்லை. மீண்டும் எழுதியபோது, கோரிக்கை முடித்துவைக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. சேலையின் விலை போனது மட்டுமல்ல. திரும்பக் கொண்டுவந்த கூரியர் செலவும் எங்கள் கணக்கிலிருந்தே கழிக்கப்பட்டது.

திரும்பி வருவதெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. மயில்கழுத்து நிறச் சேலையை எந்த வெளிச்சத்தில் படமெடுத்தாலும் திரையில் ஒன்று நீலமாகத் தெரியும், இல்லாவிட்டால் பச்சையாகத் தெரியும். நேரில் பார்த்து ஏமாந்தவர் திருப்பி அனுப்பினால் அது எங்கள் குறை. நூல் இழுத்த சேலையைக் கவனியாமல் அனுப்பியிருக்கிறோம். ஒரு முறை நிறம் மாற்றியே அனுப்பிவிட்டோம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், பொருள் குறையுடையதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலும், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலும், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டிப் பார்த்து ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தபின் திருப்புவதும், புதுச் சேலையை வைத்துக்கொண்டு பீரோவிலிருந்த பழைய சேலையை உறையில் போட்டு அனுப்புவதும், இரண்டு சேலைத் தொகுப்பில் ஒன்றே வந்தது என்று சாதிப்பதும் அந்தக் காரணங்களில் எதிலும் அடங்காதவை. ஆனாலும், திருப்புபவர் கைபேசியில் ‘தரம் சரியில்லை’ என்பதைத் தொட்டுவிட்டால், எல்லாமே அந்த ஒரே வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகின்றன.

இதற்கு மூலகாரணம் வாங்குபவர்களின் குணம் என்று நான் நினைக்கவில்லை. தீர்ப்புச் சொல்பவர் ஒருவராகவும் அதன் செலவைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கும் ஏற்பாடுதான். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டு 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்நிய முதலீட்டு நெறிமுறையின்படி, வெளிநாட்டு முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் சரக்கைத் தாமே வைத்திருந்து விற்கக் கூடாது; விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் இடமாக மட்டுமே இருக்க வேண்டும். அதாவது, சரக்கு எங்களுடையது. ஆனால் அதைத் திரும்பப் பெறலாமா, பணத்தைத் திருப்பித் தரலாமா, வந்த பொருள் அனுப்பிய பொருள்தானா என்பதையெல்லாம் முடிவு செய்வது சந்தை. கேட்டவுடன் பணம் திரும்பக் கிடைத்ததென்று வாடிக்கையாளர் பாராட்டுவது சந்தையை. அந்தப் பணம் போவது எங்கள் முதலிலிருந்து. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தத் தாராளத்தைத்தான்.

அந்தச் சேலைக்குப் பிறகு எங்கள் வேலைமுறையை மாற்றிக்கொண்டோம். இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பேக் செய்யும்போது சேலையை அளந்து, எடை போட்டு, முகவரிச் சீட்டு ஒட்டி முடிக்கும்வரை இடைவெட்டில்லாமல் காணொளி எடுக்கிறோம். சேலையின் கரையில், அறுத்தால் ஒழிய எடுக்க முடியாத எண்ணிட்ட டேக் ஒன்றைக் கோக்கிறோம். அது இல்லாவிட்டால் திரும்பப் பெற இயலாது என்ற குறிப்பை உறைக்குள் வைக்கிறோம். ‘ரவிக்கைத் துணியுடன் மொத்தம் 6.3 மீட்டர்’ என்று பதிவிலேயே எழுதுகிறோம். பதிவில் இல்லாத அளவைக் காட்டி வாதாடினால் சந்தை ஏற்பதில்லை. திரும்பி வரும் பொட்டலத்தைக் கூரியர் பையன் கையெழுத்துக் கேட்டு அவசரப்படுத்தினாலும், ஆறு பக்கமும் காட்டி, சீட்டு எண் தெரியும்படி வைத்து, கேமரா முன்னால்தான் பிரிக்கிறோம். மனுவை அன்றே போடுகிறோம். கெடு முடிந்தபின் எவ்வளவு நல்ல சான்றும் செல்லாக்காசு. மனுவின் மொழியையும் மாற்றினோம். ‘வாங்கியவர் ஏமாற்றிவிட்டார்’ என்று எழுதிய மனுக்கள் தள்ளுபடியாயின, ‘பதிவில் 6.3 மீட்டர், வந்தது 5.5 மீட்டர், டேக் எண் இல்லை’ என்று எழுதியவற்றில் சில தேறின. மனுவைப் படிப்பவர் மனிதரா இயந்திரமா என்று நமக்குத் தெரியாத நிலையில், ஆத்திரத்தால் ஒரு பயனும் இல்லை.

‘சில தேறின’ என்றேனே தவிர எல்லாம் அல்ல. தள்ளுபடியான மனுவை எடுத்துக்கொண்டு எங்கே போவது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது; 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. மின் வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆனால் அது நுகர்வோரின் புகாருக்கு. குறு, சிறு தொழில் வசதி மன்றம் சரக்கு வாங்கியவர் பணம் தராமல் இழுத்தடித்தால் விசாரிக்கும். சந்தையோ, தான் வாங்குபவர் அல்ல என்று சொல்லிவிடும். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றால், வாங்கியவரின் கைபேசி எண்ணே எங்களுக்கு மறைத்துத்தான் காட்டப்படுகிறது. தவிர, 890 ரூபாய்க்கு வெளிமாநிலத்தில் இருப்பவர் மீது புகார் கொடுக்கும் மனிதனை எழுத்தர் எப்படிப் பார்ப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சந்தையோடு செய்த ஒப்பந்தத்தின்படி வழக்கு என்றால் நீதிமன்றம் அல்ல, நடுவர் விசாரணை, அதுவும் தொலைதூர நகரத்தில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, உரிய சான்றிதழோடு தாக்கல் செய்யப்படும் மின்னணுப் பதிவை நீதிமன்றத்திலேயே சாட்சியமாக ஏற்கிறது. அந்த நாட்டில்தான், எங்கள் முன்னறைக் காணொளி ஒரு தனியார் நிறுவனத்தின் கணினித் திரையில் காரணம் சொல்லாமல் நிராகரிக்கப்படுகிறது.

மேற்சொன்ன மின் வணிக விதிகளில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பதிப்புரிமை, வணிகக்குறி, தகவல் தொழில்நுட்பச் சட்டங்களின்கீழ் நீக்கப்பட்ட பொருள்களைத் திரும்பத் திரும்ப விற்க முனையும் விற்பனையாளர்களை அடையாளம் காணச் சந்தைகள் பதிவேடு வைக்க முயல வேண்டும் என்று 5ஆவது விதி சொல்கிறது. நல்ல விதி. திரும்பத் திரும்பப் பொய்க் காரணம் சொல்லித் திருப்புபவரைப் பற்றி இதற்கு இணையான ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. வாங்குபவர்களின் கருப்புப் பட்டியலை ஊருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வேறு அநியாயங்களுக்கு வழி திறக்கும். ஒரே முகவரியிலிருந்து டேக் இல்லாமல் மூன்றாம் முறை சேலை திரும்புகிறது என்றால், சந்தை தன் ஏட்டைத் தானே ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தரட்டும் என்பதே கோரிக்கை.

திரும்ப எடுக்கும் இடத்திலேயே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். கைபேசியைத் திரும்ப எடுக்கும்போது அதன் அடையாள எண்ணை வாசலிலேயே சரிபார்க்கும் வழக்கம் இருக்கிறது. சேலையை வாசலில் விரித்து அளக்க முடியாது. ஒரு நாளைக்கு அத்தனை வீடு ஏறி இறங்கும் பையனிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை. டேக் இருக்கிறதா, எண் பொருந்துகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அதற்குப் பின்னும் தகராறு வந்தால், சான்றைப் பார்த்த ஒரு மனிதர் காரணத்தை எழுதிப் பதில் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத் தளங்களுக்கும் அவற்றில் விற்கும் வணிகர்களுக்கும் இடையிலான உறவுக்கென்றே 2019இல் தனி ஒழுங்குமுறை இயற்றப்பட்டு, 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் இருக்கிறது; வணிகரின் புகாரைக் கேட்கும் உள் ஏற்பாட்டையும், அதில் தீராவிட்டால் அணுகுவதற்குச் சமரசர்களையும் பெரிய தளங்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அதே 2020 ஜனவரியில் நம் இந்தியப் போட்டி ஆணையமும் மின் வணிகம் குறித்த ஆய்வறிக்கையில், தளங்கள் ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை விதிப்பதாக விற்பனையாளர்கள் கொண்டிருந்த மனக்குறையைப் பதிவு செய்தது. கட்டாய விதியாகாமல் நின்றுவிட்ட அந்த விஷயத்தை, நுகர்வோர் விவகாரத் துறை விதிகளைத் திருத்தும்போது கையிலெடுக்க வேண்டும். விதியில் சொன்ன காரணம் எதுவும் இல்லாமல், வாடிக்கையாளரை மகிழ்விக்க மட்டும் சந்தை ஒரு பொருளைத் திரும்பப் பெற்றால், அந்த மகிழ்ச்சியின் செலவைச் சந்தையே ஏற்க வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டும்.

விற்பவர்களில் யோக்கியமற்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். நல்ல நிலையில் திரும்பிய சேலைக்கும் பொய் மனுப் போட்டு இழப்பீடு வாங்குபவர்களை எனக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது: மனு தள்ளுபடியான பின், கட்டிக் கழித்த சேலையை இஸ்திரி போட்டு, புது உறையில் வைத்து, அடுத்த ஆர்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நட்டத்தை வேறெங்கும் தள்ள வழியில்லாதவர் இன்னொரு வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார். புதிதென்று வாங்கிய சேலையில் மஞ்சள் கறை இருக்கிறதே என்று உங்கள் வாசகர் எழுதும் கடிதத்துக்குப் பின்னால் இப்படியொரு பழைய மனு இருக்கக்கூடும்.

நாங்கள் அந்த 5.5 மீட்டர்ச் சேலையை விற்கவில்லை. டேப்போடு எடுத்த படத்தின் பிரதியும் கோரிக்கை எண்ணும் எழுதிய சீட்டோடு அலமாரியில் வைத்திருக்கிறோம். விதிகளைத் திருத்தும் பொறுப்பில் இருப்பவர் எவரேனும் பார்க்க விரும்பினால், விரித்து அளந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இணையவழிச் சேலை விற்பனையாளர் ஒருவர்,
இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்.