பிளேட் சிவந்தால் வால்வு முடிந்ததா?

ஆசிரியருக்கு,

அமெச்சூர் வானொலி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, ரேடியோ சிக்னலின் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் வால்வின் (வெற்றிடக் குழாயின்) பிளேட், அதாவது எலக்ட்ரான்களை வாங்கும் தகடு, சூட்டில் சிவந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்ற பொருள்பட எழுதப்பட்டிருந்தது. 6146பி போன்ற சிறிய வால்வுகளில் பிளேட் சிவப்பது மிகைச்சுமைதான். உடனே நிறுத்த வேண்டும். ஆனால் 3-500இசட் என்ற பெரிய வால்வு வேறு சாதி. அதன் பிளேட்டில் பூசியிருக்கும் சிர்கோனியம், சூடேறினால்தான் கண்ணாடிக்குள் மிஞ்சியிருக்கும் வாயுவை உறிஞ்சும். மங்கிய சிவப்பில் வேலை செய்வதற்கென்றே செய்த வால்வு அது. பல ஆண்டு பெட்டியில் கிடந்ததை எடுத்த கையோடு 3,000 வோல்ட் கொடுத்தால் உள்ளே பொறி பறக்கும். முதலில் சில மணி நேரம், சூடேறி எலக்ட்ரான்களை உமிழும் இழையான ஃபிலமென்டை மட்டும் எரியவிட வேண்டும். பிறகு குறைந்த பிளேட் வோல்டேஜில் தொடங்கி, பிளேட் மெல்லச் சூடேற விட வேண்டும்.

ஆயுளை உண்மையில் தின்பது ஃபிலமென்ட் வோல்டேஜ். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 3-500இசட்டுக்கு 5.0 வோல்ட், சுமார் 14.5 ஆம்பியர்; அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வரை. தோரியம் சேர்த்த டங்ஸ்டன் இழையின் மேலுள்ள கார்பைடு படலம் தீரத் தீர எமிஷன் (எலக்ட்ரான் உமிழ்வு) குறையும். வோல்டேஜ் 3 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகும் என்பது வால்வு தயாரிப்பாளரான ஐமாக் நிறுவனம் தந்த கணக்கு. எனவே 4.8, 4.9 வோல்ட்டில் வைத்து ஓட்டுவது நல்லது. இதே சிக்கனத்தை 8877, 4சிஎக்ஸ்250பி போன்ற ஆக்சைடு பூசிய கேத்தோடு (எலக்ட்ரான் உமிழும் முனை) உள்ள வால்வுகளில் காட்டக் கூடாது. அவற்றுக்குக் கூடுதல் வோல்டேஜ் மட்டுமல்ல, குறைந்த வோல்டேஜும் கேடு. 8877 சூடேற 3 நிமிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஃபிலமென்ட் வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் முனையில் அளந்து திருப்திப்படுபவர்கள் அதிகம். வால்வைச் செருகும் சாக்கெட்டின் பிடி தளர்ந்து 0.02 ஓம் தடை சேர்ந்தால் போதும், 14.5 ஆம்பியரில் 0.29 வோல்ட் அங்கேயே போய்விடும். 4 வாட்டுக்கு மேல் வெப்பமாகி, சாக்கெட்டில் செருகும் வால்வின் பின்னையே (உலோக முள்ளையே) சுடும். காற்றும் போதவில்லை என்றால் பின்னுக்குள் இருக்கும் ஈயப்பற்று உருகி வடியும். இழை அறுந்துவிட்டது என்று தூக்கி எறியப்படும் வால்வுகளில் சில, பின்னை மறுபடி பற்றவைத்தால் எரியக்கூடியவை. அளக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை இறக்கி, சாக்கெட் பின்களில் இரண்டு காப்பிட்ட கம்பிகளை மாட்டி வெளியே எடுத்து, மூடியைப் போட்ட பிறகே மின்சாரம் தர வேண்டும். திறந்த பெட்டிக்குள் மீட்டர் முனையை நீட்டுவது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது கிரிட், அதாவது எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை. 3-500இசட்டின் பிளேட் 500 வாட் வெப்பத்தைத் தாங்கும். கிரிட் தாங்குவதோ 20 வாட் மட்டுமே. ஆனால் பெரும்பாலானோரின் கண் பிளேட் மீட்டரிலேயே இருக்கிறது. பிளேட் கரண்ட் குறைவாகவும் கிரிட் கரண்ட் அதிகமாகவும் இருந்தால் லோடிங் (வால்விலிருந்து ஆன்டெனா பக்கம் பவரை இழுக்கும் அளவு) போதவில்லை என்று பொருள். லோடு கப்பாசிட்டரைத் திருகிக் கொள்ளளவைக் கொஞ்சம் குறைத்து, டியூன் கப்பாசிட்டரைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் சில வினாடிக்கு மேல் கேரியரை (தொடர் அலையை) அழுத்திப் பிடிக்காமல், இடைவெளி விட்டு டியூன் செய்வது முக்கியம். பவரைக் குறைத்து வைத்தாலும் ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் தரும் சில டிரான்ஸீவர்கள் தொடக்கத்தில் ஒரு கணம் முழுப் பவரையும் தள்ளும். கிரிட் கரண்ட் மிகுந்தால் துண்டிக்கும் ஒரு டிரிப் சர்க்யூட் இருந்தால் வால்வு பிழைக்கும்.

கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறை பற்றி ஒரு வார்த்தை. குரலில் பேசும்போது வால்வுக்கு மூச்சுவிட நேரமுண்டு. எஃப்டி8 ஒவ்வொரு 15 வினாடியிலும் 12.6 வினாடி முழு கேரியரை அனுப்புகிறது. 1,000 வாட் உள்ளே போய் 60 சதவீதம் ஆன்டெனாவுக்குச் சென்றால் மீதி 400 வாட் வெப்பம். 500 வாட் வால்வு அதைத் தாங்கலாம். குரலுக்கென்று அளவெடுத்த டிரான்ஸ்ஃபார்மரும் மின்விசிறியும் தாங்காது. அந்த முறைக்குப் பாதிப் பவர் போதும். நிறுத்திய பிறகும் விசிறி சில நிமிடம் ஓடட்டும்.

இப்படிக்கு,
ஓர் அமெச்சூர் வானொலி ஆர்வலர்