வெனிஸ் மார்சியானா நூலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நூலகத்துக்கு அடித்தளம் போட்டவர் கர்தினால் பெசாரியோன், போப்புக்கு அடுத்த நிலையில் இருந்த கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர்களில் ஒருவர். அவர் கொடுத்துவிட்டுப் போன சுவடிகள் அத்தனையும், அட்டை முதல் அட்டை வரை, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கருங்கடல் கரையிலுள்ள டிராப்சோனில் பிறந்து, துறவியாகி, கிரேக்க நாட்டு மிஸ்திராவில் பிளெத்தோன் என்ற தத்துவ அறிஞரிடம் படித்தவர் அவர். நிக்கேயாவின் பேராயராக, கிரேக்கர்களின் கிழக்குத் திருச்சபையை ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைக்கும் பேச்சுக்காக 1438-ல் இத்தாலி வந்தார். மறு ஆண்டு ஃபிளாரன்சில் உடன்பாடு கையெழுத்தானது. சொந்த மக்கள் அதை ஏற்கவில்லை. ரோம் அவரைக் கர்தினாலாக்கியது. 1455-ல் போப் பதவிகூடக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து போனது. இந்தத் தாடிக்காரக் கிரேக்கரையா தலைமையில் வைப்பது என்று ஒரு பிரெஞ்சு கர்தினால் எதிர்த்தாராம்.

சரி, பதவிகள் இருக்கட்டும். 1453-ல் கிரேக்கப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் வீழ்ந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிரேக்க நூல்கள் அழிந்துவிடுமே என்று பதறி, கிடைத்ததை எல்லாம் வாங்கினார், மற்றதைப் படியெடுக்க வைத்தார். கிரீட் தீவில் மிகேல் அபோஸ்தோலிஸ் என்ற கிரேக்க அறிஞர் அவருக்காக உட்கார்ந்து படியெடுத்தார். தென் இத்தாலியில், ஒத்ராந்தோ அருகே ஒரு மடத்தில், குவிந்துஸ் என்ற கவிஞரின் டிராய்ப் போர்க் காவியத்தைக் கண்டெடுத்தார். 1480-ல் துருக்கியப் படையெடுப்பில் அந்த மடம் அழிந்தது. அதற்குள் படிகள் வெளியே போயிருந்ததால் காவியம் தப்பியது.

வியன்னா போனபோது, பண்டைய அறிஞர் தாலமியின் வானியல் நூலுக்குச் சுருக்கம் எழுதித் தரும்படி பொயர்பாக் என்ற வானியலாளரிடம் கேட்டார். பொயர்பாக் பாதியில் இறந்துவிட, மாணவர் ரெகியோமொண்டானுஸ் முடித்தார். 1496-ல் உங்கள் வெனிசிலேயே அச்சான அந்தப் புத்தகம் கோபர்நிக்கஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

1468-ல் 482 கிரேக்கச் சுவடிகளையும் 264 லத்தீன் சுவடிகளையும் அவர் வெனிசுக்கு எழுதிக் கொடுத்தார். நூல்கள் சிதறக் கூடாது, படிக்க வருபவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பதே, ஆட்சித் தலைவர் கிறிஸ்டோஃபோரோ மோரோவுக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம். நகரம் என்ன செய்தது? பெட்டிகளில் அடைத்து அரண்மனையில் வைத்தது. 1472-ல் ரவென்னாவில் அவர் கண்ணை மூடினார். நூலகக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியதே 1537-ல்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

2007-ல் உங்களிடமுள்ள, ஹோமரின் இலியட் காவியத்தின் புகழ்பெற்ற சுவடியை, பத்தாம் நூற்றாண்டுப் பிரதியை, பக்கம் பக்கமாகப் படமெடுத்து உலகத்துக்கே திறந்துவிட அனுமதித்தீர்கள். அதே தரத்தில், அதே தாராளத்தோடு, மற்றவற்றையும் கொடுங்கள். பதிவு, அனுமதிக் கடிதம் என்று எதுவும் வேண்டாம். ஏட்டின் ஓரக் குறிப்புகளையும், இது பெசாரியோனின் நூல் என்று கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதியிருக்கும் முன் பக்கங்களையும் வெட்டிவிடாதீர்கள். எதை முதலில் செய்வது என்று யோசித்தால், அவர் கைப்பட எழுதிய ஏடுகளிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்