குமாஸ்தா அண்ணனுக்கும் பவானி கோர்ட் நண்பர்களுக்கும்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பத்தியச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று காலையிலேயே அம்மாவிடம் சண்டை. ஆக, பழைய ஆள் திரும்பிவிட்டார். நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

ராத்திரியோடு ராத்திரியாக ஈரோட்டுக்கு வந்து ரத்தம் கொடுத்த தம்பிகள், என் கேஸ்களுக்கு எழுந்து நின்று வாய்தா வாங்கிய ஜூனியர்கள், அதற்கு ஆட்சேபணை சொல்லாமல் விட்ட எதிர்த்தரப்பு வக்கீல்கள், அப்பா தறியில் பாதியில் நின்ற ஜமக்காளத்தை நெய்து முடித்த பக்கத்து வீட்டு அண்ணன், காசை வாங்கவே மறுத்த ஆட்டோக்காரர், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது குமாஸ்தா அண்ணனுக்காக.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார்கள். அண்ணன் மஞ்சப்பையில் ஒரு கேஸ் கட்டு கொண்டு வந்தார். எனக்குத் திக்கென்றது. நாடாவை அவிழ்த்தால் உள்ளே ஒரு இங்கிலீஷ் நாவல். மேல் அட்டையில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து: வாதி, அம்மிணி. பிரதிவாதி, தூக்கமின்மை. அடுத்த வாய்தா, டிஸ்சார்ஜ் அன்று.

"ஐயா இதைப் படிக்கும்போது ரூமுக்குள்ள தனியாச் சிரிப்பாருங்க அம்மிணி. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இப்ப உங்களுக்கு இதுதான் வேணும்னு தோணுச்சு" என்றார். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது, செலவு எவ்வளவு ஆச்சு, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். (புத்தகத்தை எடுத்தது சீனியர் ஐயாவுக்கு அப்போது தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.)

ஹென்றி சிசிலின் 'பிரதர்ஸ் இன் லா'. 1955இல் வந்தது. எழுதியவரே இங்கிலாந்தில் ஜட்ஜாக இருந்தவர் என்பதால் யாரையும் விட்டுவைக்கவில்லை. வக்கீல் சன்னது வாங்கிய கையோடு வரும் ரோஜர் என்ற பையன், ஒன்றும் தெரியாமல் ஜட்ஜ் முன்னால் தனியாக எழுந்து நிற்கிறான். முதல் தடவை எழுந்து நின்ற எந்த ஜூனியருக்கும் அந்த முழங்கால் நடுக்கம் தெரியும். ஐசியு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதிரே இருந்த பாட்டி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அப்பாவை வார்டுக்கு மாற்றிய பிறகு ராத்திரியில் அவருக்குக் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பங்காளிகளோடு பொழித் தகராறில், அதாவது நில எல்லைச் சண்டையில், பாதி ஆயுளைக் கோர்ட் வராண்டாவில் கழித்த மனுஷன். "லண்டன்லயும் இதே கதிதானா!" என்று அவர் சிரிக்க, தையல் வலிக்க, நர்ஸ் வந்து இருவரையும் திட்ட, அந்த வார்டில் தினமும் இதே கூத்து.

அப்புறம் நேற்று, ஆடி ஒன்று, எங்கள் பக்கம் தேங்காய் சுடும் நாள். ஆபீஸில் சுட வேண்டிய தேங்காயை இந்த வருஷம் எங்கள் வீட்டு வாசலில் சுட்டீர்கள். டைப்பிஸ்ட் அக்கா பச்சரிசியும் பாசிப்பருப்பும் எள்ளும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து கொடுக்க, ஜூனியர்கள் தேங்காய்க் கண்ணைத் துளைத்துத் திணித்தார்கள். அழிஞ்சிக் குச்சியில் சொருகித் தீயில் காட்டிய முதல் தேங்காய் பட்டென்று வெடித்தபோது கைதட்டியது சீனியர் ஐயாதான். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, அரிசிம்பருப்புச் சோறும் ஒப்புட்டும் வைத்து வாசலிலேயே பந்தி.

பந்தியில் அண்ணன் "அந்தப் புஸ்தகத்துல என்னதானுங்க இருக்கு?" என்று கேட்டதும் நான் வாயைத் திறக்கும் முன்னே அப்பா ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்ன கதையில் ரோஜருக்குச் சொந்த ஊர் அந்தியூர். ஜட்ஜ் வெற்றிலை போடுகிறார். டவாலி அவனைப் பார்த்து "உக்காருங்க தம்பி, பதறாதீங்க" என்கிறார். ஹென்றி சிசில் கேட்டிருந்தால் வழக்குப் போட்டிருப்பார். கட்டிலில் சாய்ந்தபடி அப்பா கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அண்ணன் ஒப்புட்டைக் கையில் பிடித்தபடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால் இனி நான் ஆட்சேபிப்பதாக இல்லை. இது சத்தியம்.

சீனியர் ஐயாவுக்கு ஒரு மனு. கதை பாதியில் நிற்கிறது, மீதியைச் சொல்லாமல் அப்பா விடமாட்டேன் என்கிறார். புத்தகத்தைத் திருப்பித் தர இன்னும் ஒரு வாரம் வாய்தா வேண்டும்.