மாமாவுக்கு, சின்ன ஸ்பீக்கர்களைப் பற்றி

அன்புள்ள மாமா,

ஆடியோஎஞ்ஜின் ஏ2 பிளஸ், ஜேபிஎல் 305பி மார்க் 2, கேஇஎஃப் எல்எஸ்எக்ஸ் 2 என்று மூன்று பெயர்களை அனுப்பி, "இதில் எது நல்லது?" என்று கேட்டிருந்தீர்கள். ஃபோனில் ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் எவ்வளவு ஆசையாகத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இந்த அளவுப் பெட்டியில் எல்லாமே கிடைத்துவிடாது. ஆழமான பாஸ் (தாழ்ந்த ஒலி), சின்னப் பெட்டி, குறைந்த மின்சக்தியிலேயே நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை ஹாஃப்மன் விதி என்பார்கள். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் அசைவிலும் இதே நெருக்கடிதான். சத்தம் குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் போதும் என்றால் 50 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர். ஏ2 பிளஸ்ஸின் 2.75 அங்குல வூஃபரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே இவை ஒவ்வொன்றும் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறது. அது உங்களுக்கு வேண்டியதா, வேண்டாததா என்றுதான் நான் பார்த்தேன்.

நீங்கள் கேட்பது பெரும்பாலும் குரல், வயலின், மிருதங்கம். அதுவும் இரவில், சத்தம் குறைத்து. உட்காருவது நாற்காலியில், ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி. இந்த விவரங்களே பாதி முடிவைச் சொல்லிவிடுகின்றன.

ஏ2 பிளஸ் மேசைக்கு ஏற்றது. கணினிக்கு இரு பக்கமும் வைத்து, கைநீட்டும் தூரத்தில் கேட்டால் அதன் அளவுக்கு மிக இனிமையாகப் பாடும். இரண்டு பக்கத்துக்கும் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் இடது பெட்டிக்குள் இருக்கிறது. அங்கிருந்து வலது பெட்டிக்குச் சாதாரண ஸ்பீக்கர் ஒயர் போகிறது. பக்கத்துக்கு 15 வாட். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும். அந்த 6 டெசிபலை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும். உங்கள் நாற்காலிக்கு எட்டும்படி ஒலியைக் கூட்டினால் அது திணறும் என்றே நினைக்கிறேன். இதை விட்டுவிடலாம்.

மற்ற இரண்டிலும் வூஃபருக்கு ஒரு ஆம்ப், உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப். ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் வேலை ஆம்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதனால் வடிவமைப்பாளருக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்தும் வசதி கிடைக்கிறது. சின்னப் பெட்டியில் இது பெரிய உதவி.

305பியின் 5 அங்குல வூஃபர்தான் மூன்றில் பெரியது. 43 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண், ஒலி 10 டெசிபல் விழுந்துவிட்ட இடம். கூட்டல் கழித்தல் 3 டெசிபலுக்குள் அது நிற்பது 49 ஹெர்ட்ஸ் வரைதான். ஜேபிஎல் இரண்டையும் அச்சிடுகிறது, நல்ல விஷயம். எத்தனை டெசிபலுக்குள் என்று சொல்லாமல் வெறும் ஹெர்ட்ஸை மட்டும் போடுகிறவர்களை நம்பாதீர்கள்.

305பியில் எனக்குப் பிடித்தது ட்வீட்டரைச் சுற்றியுள்ள குழிவு. ஒலி பக்கவாட்டிலும் சீராகப் பரவ அது உதவுகிறது. முகம் தெரியாதபடி மறைத்து வைத்து நடத்திய சோதனைகளில், நேரே சமநிலையாகவும் பக்கங்களில் சீராகவும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள் என்று கனடாவின் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் காட்டியிருக்கிறார். காதுக்கு நேரே வருவதோடு, சுவரில் பட்டு வருவதையும் சேர்த்துத்தானே கேட்கிறோம்.

ஆனால் 305பி ஸ்டூடியோவுக்குப் பிறந்தது. ரிமோட் கிடையாது. ஒலி கூட்டும் குமிழ் ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் தனித்தனியாக இருக்கிறது. வீட்டுக் கருவிகளில் வழக்கமாக இருக்கும் ஆர்சிஏ உள்ளீடும் இல்லை. நடுவில் வால்யூம் குமிழுள்ள ஒரு டாக் (டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான மின்குறியாக மாற்றும் கருவி) வைத்தே ஆக வேண்டும். பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து மெல்லிய இரைச்சல் வரும். மேசையில் கேட்கும், 2 மீட்டரில் பொருட்டில்லை.

எல்எஸ்எக்ஸ் 2-இல் 4.5 அங்குல வூஃபரின் நட்ட நடுவில் ட்வீட்டர் உட்கார்ந்திருக்கிறது. கேஇஎஃப் இந்த அமைப்பை 1988-இலிருந்து செய்துவருகிறது. குரல் ஒரே புள்ளியிலிருந்து வருவதால், நீங்கள் நாற்காலியில் சாய்ந்தாலும் எழுந்து நடந்தாலும் பாடகர் இடம் மாறுவதில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதன் டிஎஸ்பி, அதாவது ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் உள் மின்னணுவியல். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கே பாஸ் மங்கித்தான் கேட்கும். இந்தப் பெட்டியோ சத்தம் குறைவாக இருக்கும்போது ஆழமாக இறங்கி, சத்தம் கூடக்கூடப் பாஸைத் தானே பின்வாங்கிக்கொள்கிறது. அது விட்டுக்கொடுப்பது பெரிய சத்தத்தில் கிடைக்கும் பாஸை. உங்களுக்கு அது தேவையே இல்லை!

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒயர் இல்லாமல் ஓடும், ஆனால் இரண்டுக்கும் தனித்தனியே மின் இணைப்பு வேண்டும். பல அமைப்புகள் கேஇஎஃப்பின் ஃபோன் செயலிக்குள் இருக்கின்றன. இவ்வளவு மின்னணுவியல் உள்ளே இருப்பதால், சாதாரண ஸ்பீக்கர் போல முப்பது வருஷம் ஓடும் என்று என்னால் சொல்ல முடியாது. இதையெல்லாம் ஏற்றுக்கொள்வீர்கள் என்றால் உங்களுக்கு எல்எஸ்எக்ஸ் 2 தான் மாமா. டிவியையும் ஹெச்டிஎம்ஐ வழியாக அதிலேயே இணைத்துக்கொள்ளலாம்.

கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக வைக்கச் சொல்லுங்கள். ஒன்று 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலும் அதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு குரலை, வீட்டில் கேட்கும் சத்தத்திலேயே கேளுங்கள்.

அப்புறம், வைக்கும் இடம். ஸ்பீக்கர் முகப்புக்கும் பின்சுவருக்கும் 60 சென்டிமீட்டர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியோடு மோதி அங்கே ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் அடிப்பகுதி இருக்கும் இடம் அது. சுவரை ஒட்டினாற்போல் வைத்தால் அந்தப் பள்ளம் மேலே நகர்ந்துவிடும், பாஸ் கொஞ்சம் உப்பும். அதைக் கேஇஎஃப் செயலியில் சுவர்த் தூரத்தைக் குறிப்பிட்டுச் சரிசெய்யலாம். 305பி வாங்கினாலும் கவலையில்லை, அதன் முதுகில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. இரண்டுக்கும் போர்ட் (பாஸுக்கான காற்றுத் துளை) பின்பக்கம்தான், அதனால் சில சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும்.

அலமாரியின் ஆழம், தரையிலிருந்து அதன் உயரம், நாற்காலியில் உட்காரும்போது உங்கள் காது உயரம், இந்த மூன்றையும் அளந்து அனுப்புங்கள். ஸ்டாண்டு வேண்டுமா, அலமாரியே போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்