ஃப்ளூரஸ் வெற்றி பலூனால் வந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்களப் பலூன்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1794 ஜூன் 26 அன்று இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஃப்ளூரஸில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஆஸ்திரிய, டச்சுக் கூட்டுப்படையை வென்றதற்கு 'லாந்த்ரப்ரெனான்' என்ற பலூனே காரணம் என்கிறது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பலூன் பறந்தது உண்மை. ஹைட்ரஜன் நிரப்ப நெடுநேரம் பிடிக்கும் என்பதால், நிரப்பிய பலூனை மோபேஜ் என்ற பிரெஞ்சு நகரிலிருந்து கயிறுகளால் இழுத்துப் பிடித்தபடி வீரர்கள் நடந்தே கொண்டுவந்தார்கள். பலூன் படைப்பிரிவின் தலைவர் கூத்தெலும் தளபதி மோர்லோவும் மணிக்கணக்கில் மேலேயே இருந்து, கண்டதைக் குறிப்பெழுதிக் கீழே அனுப்பினார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் கூட்டுப்படைத் தளபதி கோபர்க் இளவரசர் வந்ததே முற்றுகையில் இருந்த ஷார்லெரூவா கோட்டையை மீட்கத்தான். அது முந்தின நாளே சரணடைந்துவிட்டது. கோட்டையிலிருந்து நிபந்தனைக் கடிதத்தோடு வந்தவரிடம், தமக்கு வேண்டியது காகிதமல்ல, கோட்டைதான் என்று படையோடு இருந்த புரட்சி அரசின் பிரதிநிதி சென்-ஜூஸ்ட் அதைப் படிக்கவே மறுத்துவிட்டார். இது எதுவும் தெரியாமல் கோபர்க் மறுநாள் தாக்கினார். முற்றுகையிலிருந்து விடுபட்ட பிரிவோ பிரெஞ்சுத் தளபதி ஜூர்தானுக்குக் கையிருப்புப் படையாகக் கிடைத்தது.

களத்தில் நடந்ததையும் கட்டுரையாளர் பார்க்கவில்லை. வலப்பக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி மார்சோவின் படையில் பெரும்பகுதி சிதறிச் சாம்ப்ர் ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டது. மிஞ்சிய சில பட்டாலியன்களோடு லாம்புசார் என்ற சிற்றூரில் அவர் தாக்குப்பிடிக்க, இன்னொரு பிரெஞ்சுத் தளபதி லெஃபெவ்ர் துணைக்கு வந்து சேர்ந்தார். விளைந்து நின்ற பயிர் தீப்பற்றி எரிய, அந்தப் புகைக்குள் ஊருக்காக மணிக்கணக்கில் சண்டை நடந்தது. இதே ஊரைச் சுற்றித்தான் பத்து நாள் முன்பு, ஜூன் 16 அன்று, மூடுபனியில் தோற்று இந்தப் படை ஆற்றுக்கு அப்பால் விரட்டப்பட்டிருந்தது. இரண்டே நாளில் மீண்டும் ஆற்றைக் கடந்து வந்து நின்ற அந்த வீரர்களுக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கோட்டை விழுந்தது உறுதியானதும் கோபர்க் பின்வாங்கினார். பெல்ஜியத்தை ஆஸ்திரியா அதன்பின் திரும்பப் பெறவேயில்லை. இவ்வளவையும் ஒரு பலூனின் கணக்கில் எழுதாமல், அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்