ஐப்பசி வரை பொறு, அம்மா

புதுச்சேரி

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். புத்துப்பட்டுப் பக்கத்து மனையை ஆடிக்குள் பொக்லைன் விட்டுச் சமன் செய்துவிட்டால் ஆவணியில் பூமி பூஜை போடலாம் என்கிறார் மாப்பிள்ளை. காய்ந்த புதரைத் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று நீயும் போனில் கேட்டாய். இருக்கிறது அம்மா, மண்ணுக்குள் இருக்கிறது.

வேலியோரம் முழுக்கச் செங்காந்தள். கார்த்திகையில் மஞ்சளாக விரிந்து சிவக்கும் கொடி, மாசிக்குள் காய்ந்து விழுந்துவிடும். கிழங்கு மட்டும் கீழே கிடக்கும். மேட்டில் நரிவெங்காயம் உண்டு. கோடையில் இலையே இல்லாமல் ஒற்றைக் காம்பு எழும்பிப் பூக்கும். மழை விழுந்த பிறகுதான் இலை.

முதல் மழையில் நம் செம்மண் எப்படிக் கரைந்து ஓடும் என்று உனக்குத் தெரியும். விதையிலிருந்து வரும் செடி வேர் பிடிக்க நாளாகும். கிழங்குக்கோ சாப்பாடு உள்ளேயே இருக்கிறது. ஈரம் பட்டதும் வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உன் பாஸ்டனுக்கு வடக்கே, நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் முல்லர், போர்மன் என்ற இருவர் இதைப் போன்ற ஒன்றை ஆராய்ந்து 1976இல் எழுதினார்கள். மரங்கள் துளிர்க்கும் முன்பே, பனி உருகிய நீர் நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் அடித்துக்கொண்டு போகும் நேரத்தில், டிரௌட் லில்லி என்னும் சிறு கிழங்குச் செடி அவற்றில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. கோடை தொடங்கியதும் அதன் இலை மட்கி, சத்து மண்ணுக்கே திரும்புகிறது. உள்ளங்கை அளவு செடி ஒரு காட்டின் சொத்தை ஓடையில் போகாமல் காக்கிறது! வசந்தத்தில் அந்தப் பக்கம் போனால் புள்ளி போட்ட இலையையும் மஞ்சள் பூவையும் தேடிப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் முள்ளம்பன்றி இருக்கிறதே, அதே இனம் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் கிழங்கு தோண்டித் தின்கிறது. தோண்டிய குழியில் மழைநீரும் சருகும் விதைகளும் சேர்ந்து, சுற்றியுள்ள தரையைவிட அதிகச் செடிகள் முளைப்பதை அங்கே கண்டிருக்கிறார்கள். தின்றது போக மிஞ்சிய துண்டிலிருந்து அங்குள்ள கிழங்கும் மறுபடி தழைக்கும். அதன் பசி கிழங்கை அழிப்பதில்லை. பொக்லைன் அப்படி விட்டுவைக்காது.

தோண்டி வேறு இடத்தில் நட்டுவிடலாமே என்பாய். இப்போது எங்கே என்று தோண்டுவது? செங்காந்தள் கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும், முளை நுனியில் இருக்கும். நுனி ஒடிந்தால் அது போயிற்று.

ஆகவே ஐப்பசி வரை பொறு. முளை தெரிந்ததும் நான் போய்க் கயிறு கட்டி வைக்கிறேன். வேலியோரத்தையும் மேட்டையும் விட்டுவிட்டாலும் வீட்டுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. தை பிறந்ததும் பூமி பூஜை போடலாம். மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் மாமனார் தடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

அன்புடன்,
அப்பா